மலிவு ரீவி பெட்டியை ஓவர்குளொக் செய்யலாமா? வன்னி வெக்கையில் சிப்பை எப்படிக் குளிர்மையாக வைப்பது?

#1 தருமபுரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகள் வந்து படிப்பதற்கு நான்கு இன்ரநெற் பெட்டிகள் வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிய காசில் வாங்கிய மலிவு அன்ட்ரொயிட் ரீவி பெட்டிகள்தான். அம்லொஜிக் எஸ்905எக்ஸ் சிப், 2 ஜிபி ரம். மெமரி காட்டில் ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்டு, பழைய மொனிற்றர்களில் பூட்டியிருக்கிறோம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளப் பாடங்கள், கடந்தகால வினாத்தாள்கள், யூரியூப்பில் கணித வகுப்பு, இவ்வளவுதான் வேலை.

காலையில் நல்லாய் ஓடுகிறது. மத்தியானம் திரும்பினால் மவுஸ் அம்பு தத்தித் தத்தித்தான் நகரும், வீடியோ நின்று நின்று வரும். இன்ரநெற்றில் பிழை இல்லை. அதே வைஃபையில் என்னுடைய போனில் வீடியோ தடையில்லாமல் வருகிறது.

பெட்டி வந்த மட்டையில் 2 கிகாஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறார்கள். லினக்ஸ் காட்டுவது 1.5. மிச்சம் இருக்கும் அரையை எப்படித் திறந்துவிடுவது? ஓவர்குளொக், அதாவது சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேலே ஓடவைப்பது, செய்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தாருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் இதைச் சரிப்படுத்த வேண்டும்.

#2 சொல்டர் அண்ணை, கிளிநொச்சி

தம்பி, காலையில் ஓடுது, மத்தியானம் ஓடவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வேகம் போதாத சிப் காலையிலும் போதாமல்தான் இருக்கும். இது சூடு. சிப் ஒரு வெப்பநிலையைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1.5 இல் ஓடுவதாக நீங்கள் நினைக்கும் நேரத்தில் அது 1 கிகாஹேர்ட்ஸுக்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். இப்படிக் கொதிக்கிற பெட்டியில் வோல்ற்றேஜையும் கூட்டினால் சிப்பின் ஆயுள்தான் குறையும்.

ஒரு பெட்டியைக் கழட்டிப் பாருங்கள். அடியில் இருக்கும் றப்பர் கால்களுக்குக் கீழே ஸ்குரூ ஆணிகள் ஒளிந்திருக்கும். சுற்றிவர உள்ள கிளிப்பைப் பழைய ரீலோட் காட்டால் மெல்ல நெம்புங்கள். உள்ளே சிப்புக்கு மேலே நெருப்புப்பெட்டி அளவில் ஒரு அலுமினியத் துண்டு இருக்கும். சிலதில் அதுவும் இல்லை, மெல்லிய தகட்டை ஒட்டி விட்டிருப்பார்கள். அந்த அலுமினியத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் நோய் அங்கேதான்.

அதற்கும் சிப்புக்கும் நடுவில் நீலம் அல்லது ரோசா நிறத்தில் ஒரு மெத்தைத் துண்டு. தேர்மல் பாட் என்பது அதுதான். ஒரு வருடம் சூட்டில் கிடந்தால் பிஸ்கற் மாதிரி நொறுங்கும். என்னிடம் வந்த ஒரு பெட்டியில் அந்தப் பாட் சிப்பின் பாதியை மட்டும் மூடியிருந்தது. மற்றப் பாதிக்கும் அலுமினியத்துக்கும் இடையில் வெறும் காற்று. காற்றின் வெப்பக் கடத்தாறு 0.026 அளவில். சாதாரண பாட்டே 1 முதல் 6 வரை. அலுமினியம் 200க்கு மேல். காற்று இடைவெளியை வைத்துக்கொண்டு மேலே எவ்வளவு பெரிய அலுமினியம் வைத்தாலும் சூடு அதற்குப் போய்ச் சேராது.

#3 இரணைமடு, அறிவியல்நகர்

சொல்டர் அண்ணை சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். மட்டையில் உள்ள 2 கிகாஹேர்ட்ஸ் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் இது பலரை ஏமாற்றிய விடயம்.

2016 இல் இதே குடும்பத்தின் எஸ்905 சிப்புடன் ஒட்ராய்ட் சி2 என்ற சிறிய போர்ட் வந்தது. 2 கிகாஹேர்ட்ஸ் என்றுதான் விற்றார்கள். லினக்ஸும் 2 என்றே காட்டியது. வாங்கியவர்கள் ஒரே கணக்கை 1.5 இலும் 2 இலும் ஓடவிட்டு நேரத்தை அளந்தார்கள். இரண்டுக்கும் ஒரே நேரம்! அம்லொஜிக் கொடுத்த மூடிய ஃபேர்ம்வேர் (சிப்பை இயக்கும் அடிப்படை மென்பொருள்) "2 இல் ஓடுகிறேன்" என்று பதில் சொல்லிவிட்டு, உண்மையில் சுமார் 1.5 க்கு மேலே விடாமல் பிடித்து வைத்திருந்தது. பிறகு அந்த போர்ட்டைச் செய்த நிறுவனம் 1.75 வரை உண்மையாகவே போகக்கூடிய ஃபேர்ம்வேரை வெளியிட்டது. அது அந்த போர்ட்டுக்கு உரியது. பெயர் தெரியாத ரீவி பெட்டிகளுக்கு அப்படி யாரும் செய்து கொடுப்பதில்லை.

இந்தச் சிப்களில் மீடிறனையும் வோல்ற்றளவையும் லினக்ஸ் நேரடியாகத் தொடுவதில்லை. உள்ளே தனியாக இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கோரிடம் (கோர் என்பது சிப்புக்குள் கணக்கைச் செய்யும் பகுதி) கேட்க வேண்டும். அது கொடுத்தால்தான் உண்டு. ஆகவே தருமபுரத்தான், நீங்கள் தேடுகிற அந்த அரை கிகாஹேர்ட்ஸ் எங்கும் பூட்டி வைக்கப்படவில்லை. மட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

யாராவது "இந்த ஃபைலைப் போட்டால் 2 வரும்" என்று வீடியோ போட்டிருந்தால், திரையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு பெரிய ஃபைலை ஸிப் செய்ய எத்தனை விநாடி என்று மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். விநாடி குறையவில்லையென்றால் வேகம் கூடவில்லை.

#4 தருமபுரத்தான்

இரண்டு பேருக்கும் நன்றி. இன்றைக்கு ஒன்றைக் கழட்டினேன். அண்ணை சொன்ன மாதிரியே அலுமினியம் ஆடுகிறது. கூட்டுக்குள்ளே ஒரு மண்கூடும் இருந்தது, குளவி கட்டியது. அடிப்பக்கக் காற்றுத் துளைகளில் அரைவாசியை அது அடைத்திருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மூடிய பெட்டியில் அளந்தபோது சிப் 84 பாகை செல்சியஸ். மேல் மூடியைக் கழட்டி வைத்த பிறகு 76. வேறொன்றும் செய்யவில்லை.

#5 மல்லாவி மைந்தன்

ஈரச் சாக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் என்ன? மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தானே? எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காற்றில் ஈரமே இல்லை, நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

#6 சொல்டர் அண்ணை, கிளிநொச்சி

அறை குளிரும், உண்மை. பிள்ளைகளுக்கும் நல்லது. ஜன்னலில் தொங்கவிடுங்கள், பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஈரமும் கிறவல் புழுதியும் சேர்ந்து போர்ட்டில் படிந்தால் கால்களுக்கு இடையில் கரண்ட் ஒழுகத் தொடங்கும், செப்பு பச்சை பூக்கும். ஃபிரிஜ்ஜில் வைத்து ஓட்டலாமா என்றும் ஒருவர் கடைக்கு வந்து கேட்டார். கதவைத் திறந்த உடனே குளிர்ந்த போர்ட்டில் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படியும். செய்யவே கூடாது.

#7 பாலைப்பழம், புதுக்குடியிருப்பு

நான் முன்பள்ளிக்கும் பின்னேர வகுப்புக்கும் ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கொம்பியூட்டர் போர்ட் வைத்திருக்கிறேன். ஓவர்குளொக் செய்துதான் ஓட்டுகிறேன், அதனால் இந்த இழையில் கொஞ்சம் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன்.

"சூட்டைக் குறை, வேகத்தைக் கேட்காதே" என்பது பாதி விடைதான். எங்களிடம் புதிய மடிக்கணினி வாங்கக் காசில்லை. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு கொம்பியூட்டரின் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. கையில் இருக்கும் போர்ட்டில் இருந்து எடுக்கக்கூடிய கடைசிச் சொட்டு வேகத்தையும் எடுப்பது எங்களுக்கு விளையாட்டு இல்லை. பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகும் ஸ்கிராட்சில் பிள்ளை ஒரு கட்டத்தை இழுத்து வைக்கும்போது அது உடனே நகர வேண்டும். நகராவிட்டால் ஏழு வயதுப் பிள்ளை தான்தான் பிழை செய்துவிட்டேன் என்று கையை எடுத்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் நான் இதில் இறங்கினேன்.

பை 4 இல் இது ஒளிவு மறைவு இல்லாத வேலை. கொன்பிக் ஃபைலில் இரண்டு வரி. ஒன்று ஆர்ம் (சிப்பின் கோர்கள்) வேகத்தை 2000 ஆக்குவது, மற்றது ஓவர் வோல்ற்றேஜை 6 ஆக்குவது. 6க்கு மேலே போக வேண்டாம். அதற்கு மேலே போவதற்குக் கட்டாய டேர்போ (force_turbo) என்ற வரியையும் போட வேண்டும், போட்டால் சிப்புக்குள் அழியாத ஒரு அடையாளம் விழுந்து உத்தரவாதம் போய்விடும். என்னுடையது 2 கிகாஹேர்ட்ஸில் ஒழுங்காக ஓடுகிறது. பெரிய அலுமினியக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். இணையப் பக்கங்கள் திறப்பதில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

#8 இரணைமடு, அறிவியல்நகர்

ரீச்சர், நீங்கள் செய்தது சரி, ஏனென்றால் கூட்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் வேகத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அது ஏன் சரிவராது என்பதற்கு ஒரு கணக்கு.

சிப் எரிக்கும் வலு மீடிறனோடு நேராகவும், வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் கூடும். 1.5 இலிருந்து 2.0 என்றால் மீடிறன் 1.33 மடங்கு. ஓவர் வோல்ற்றேஜில் ஒரு படி 0.025 வோல்ற், ஆறு படி 0.15. தொடக்கம் 0.88 அளவில் என்று எடுத்தால் 1.03 ஆகிறது. விகிதம் 1.17, அதன் வர்க்கம் 1.37. இரண்டையும் பெருக்கினால் 1.82. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, சூடு கிட்டத்தட்ட இரட்டிக்கிறது.

இப்போது எங்கள் ஊர் வெக்கையைச் சேருங்கள். ஹீற்சிங்க், அதாவது சிப்புக்கு மேலே வைக்கும் அந்த அலுமினியம், ஒவ்வொரு வாற்றுக்கும் 10 பாகை கூட விடுகிறது என்று வைப்போம், சிப் 4.5 வாற்று. அறை வெப்பநிலைக்கு மேலே 45 பாகை ஏறும். இங்கிலாந்தில் 22 பாகை அறையில் இருந்து வீடியோ போடுகிறவருக்கு 67, பிரச்சினையே இல்லை. சீற் கூரைக்குக் கீழே 37 பாகையில் இருக்கும் எங்களுக்கு 82. பை 4 தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்குவது 80 இல், 85 இல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதே போர்ட், அதே ஹீற்சிங்க். அவருக்கு ஓடுகிறது, எங்களுக்கு ஓடவில்லை.

ஹீற்சிங்கை வாற்றுக்கு 6 பாகை ஆக்கினால் எங்களுக்கும் 64 தான். ஆனால் அதில் ஓவர்குளொக் செய்தால் 8.2 வாற்று, 37 உடன் 49 சேர்ந்து 86. திரும்பவும் இடிக்கிறது. வாற்றுக்கு 4 பாகைக்கு இறக்கினால் 70. ரீச்சரின் முழு அலுமினியக் கூடு இந்தக் கடைசி வகை.

ஆகவே வெளிநாட்டு வீடியோவில் வரும் வெப்பநிலையோடு 15 பாகையைக் கூட்டிவிட்டு, பிறகு எங்களுக்குச் சரிவருமா என்று பாருங்கள். சோதனையையும் விடியப்புறத்தில் செய்ய வேண்டாம். ஆனி, ஆடி மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு நான்கு கோரையும் அரை மணித்தியாலம் முழுச் சுமையில் விட்டுப் பாருங்கள். அதில் நின்றால் எப்போதும் நிற்கும்.

#9 ஓமந்தை ஐயா

பிள்ளைகள் எழுதுவதை வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. இந்த வேலைக்கு ஒரு பழைய கதை உண்டு.

1999 கடைசியில் அமெரிக்காவில் ஒஸ்ரின் நகரத்து நெட்பிளையன்ஸ் என்ற கொம்பனி ஐ-ஓப்பனர் என்று ஒரு இன்ரநெற் பெட்டியை விற்றது. 10 அங்குலத் திரை, 32 எம்பி ரம், 16 எம்பி ஃபிளாஷ், கியூஎன்எக்ஸ் என்ற ஓஎஸ். 99 டொலருக்கு விற்றார்கள். செய்யச் செலவானது அதைவிட மிக அதிகம். நட்டத்தை மாதச் சந்தாவில் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2000 பங்குனியில் ஒருவர் அதற்குள்ளே ஹாட் டிஸ்க் பூட்டும் இடம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல, ஆட்கள் பெட்டியை வாங்கிச் சந்தா கட்டாமல் லினக்ஸும் விண்டோஸும் போட்டார்கள்.

அதற்குள் இருந்த சிப் ஐடிரி வின்சிப் சி6, 180 மெகாஹேர்ட்ஸ். விலை குறைந்த, எளிமையாக வடிவமைத்த சிப். அதன் வேகம் பஸ்ஸின் (சிப்பையும் ரம்மையும் இணைக்கும் தடம்) வேகமான 60 ஐ மூன்றால் பெருக்கி வருவது. பஸ்ஸை 66 க்கு மாற்றினால் 200. கூடுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் பஸ்ஸோடு சேர்ந்து ரம்மின் வேகமும் கூடும். அதனால் பலன் கையில் தெரியும். இப்போதைய போர்ட்களில் ஆர்ம் வேகத்தைக் கூட்டினால் ரம் பழைய வேகத்திலேயே நிற்கும். ரம்முக்காகக் காத்திருக்கும் வேலைகளில் மூன்றில் ஒரு பங்கு கூட்டியும் முழுப் பலன் வராததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் காலத்தில் வன்னிக்குள் ரோர்ச் பற்றரிக்கே தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ கேட்டோம். அப்படி வளர்ந்த ஊரில் இருந்து பிள்ளைகள் இன்றைக்கு சிப்பின் வோல்ற்றளவைக் கணக்குப் போடுகிறார்கள். தொடர்ந்து எழுதுங்கள்.

#10 பாலைப்பழம், புதுக்குடியிருப்பு

ஐயா, ரம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. நன்றி. ஒரு படத்தை எடிற் செய்யும்போது நல்ல வித்தியாசமும், நிறையத் தாவல்கள் திறந்திருக்கும்போது சின்ன வித்தியாசமும் ஏன் என்று இப்போது விளங்குகிறது.

#11 மாங்குளம் சோலர்

எல்லோரும் சூட்டைப் பற்றியே கதைக்கிறீர்கள், கரண்ட் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் சோலர் பூட்டுகிற ஆள். என்னிடம் வரும் "பெட்டி மெதுவாக இருக்கிறது, தானாக அணைந்து எழும்புகிறது" முறைப்பாடுகளில் நிறையவற்றுக்குக் காரணம் வோல்ற்றேஜ்தான்.

பை 4 க்குத் தேவை 5.1 வோல்ற், 3 அம்பியர். வாசலில் 4.63 க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ரீவி பெட்டிகள் குறி ஒன்றும் காட்டாமல் தொங்கும் அல்லது ரீஸ்ராட் ஆகும். ஓவர்குளொக் செய்தால் எடுக்கும் அம்பியரும் கூடும், ஆகவே சூடு பிரச்சினையில்லாத இடத்தில் கூட இதில் மாட்டுப்படுவீர்கள்.

கணக்கு லேசானது. மெல்லிய யூஎஸ்பி வயரில் போகவும் வரவும் சேர்த்து 0.2 ஓம் இருந்து, 2 அம்பியர் ஓடினால் 0.4 வோல்ற் வயருக்குள்ளேயே தொலைகிறது. அடப்டரில் 5, பெட்டியில் 4.6. போனுக்கு வாங்கிய நீள வயர்களை இதற்குப் பாவிக்க வேண்டாம். தடித்த, கட்டையான வயர்.

சோலரில் ஓட்டுகிறவர்களுக்கு: 12 வோல்ற் பற்றரியை இன்வேட்டரில் 230 ஆக்கி, அதைத் திரும்ப அடப்டரில் 5 ஆக்குவது வீண். பற்றரியில் இருந்து நேராக 5 க்கு இறக்கும் சிறிய பக் மொடியூல் போடுங்கள். எல்எம்2596 சிப் உள்ள மலிவு மொடியூலில் 3 அம்பியர் என்று எழுதியிருக்கும். 2 அம்பியரைத் தாண்டினாலே அது கை வைக்க முடியாத அளவு சுடும். அதற்கும் ஒரு அலுமினியத் துண்டு ஒட்டுங்கள், அல்லது 5 அம்பியர் மொடியூலாக வாங்குங்கள். 2022 பங்குனியில் நாளுக்குப் பத்து மணித்தியாலம், அதற்கும் மேலே கரண்ட் நின்றபோது இந்த முறையில் பூட்டிய பெட்டிகள் நிற்காமல் ஓடின.

#12 நந்திக்கடல், முல்லைத்தீவு

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டாம். உப்புக் காற்று. விசிறியின் தண்டு கறள் பிடித்து முதலில் கத்தும், பிறகு நிற்கும். விசிறியை நம்பி ஓவர்குளொக் செய்து வைத்திருந்தால் அது நிற்கும் நாளிலேயே பெட்டியும் திணறும். நாங்கள் விசிறி இல்லாத முழு அலுமினியக் கூடுதான் பாவிக்கிறோம். சூடு கூட்டின் வழியாக வெளியே வரும், உப்பு உள்ளே போகாது.

ஒரு குறை உண்டு. உலோகக் கூட்டுக்குள் வைஃபை சிக்னல் குறையும். றவுட்டர் கிட்ட இருந்தால் லான் வயர் போடுவது நல்லது.

#13 தருமபுரத்தான்

எங்கள் பக்கம் உப்பு இல்லை, ஆனால் புழுதி. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் டிப்பர் ஒன்று போனால் மேசை சிவப்பாகிவிடும். விசிறி வைக்கலாமா? இன்னொன்று, இந்த ரீவி பெட்டிகளுக்கு அலுமினியக் கூடு கடையில் கிடைக்காதே. என்ன செய்யலாம்?

#14 சொல்டர் அண்ணை, கிளிநொச்சி

இதற்குத்தான் காத்திருந்தேன். பொறுமையாகச் செய்யுங்கள், செலவு பெரிதாக இல்லை.

பழைய அம்பிளிபயர் செற் பழுதாகிக் கிடந்தால் அதன் பின்பக்கம் தகடு தகடாக அலுமினியம் இருக்கும். றேடியோ திருத்தும் கடைகளில் கேட்டால் நிறை கணக்கில் தருவார்கள். அதில் இருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து எடுங்கள். அடிப்பக்கத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் மண்கடதாசி விரித்துத் தேயுங்கள். தட்டையாக வர வேண்டும், அது முக்கியம். விளிம்பில் அலுமினியத் தூள் ஒன்றும் மிஞ்சாமல் கழுவிக் காயவிடுங்கள். ஒரு சின்னத் தூள் போர்ட்டில் விழுந்தாலும் சோர்ட்.

பழைய பாட்டைக் கழட்டும்போது இழுக்க வேண்டாம், சிப்போடு வந்துவிடும். பெட்டியைச் சூடாக ஓடவிட்டு அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள். சிப்பின் முகத்தை ஸ்பிரிற் தொட்ட துணியால் எழுத்துத் தெளிவாகத் தெரியும் வரை துடையுங்கள். பிறகு தேர்மல் பேஸ்ற். அம்பிளிபயர் ட்ரான்சிஸ்ரருக்குப் பூசும் வெள்ளை நிறப் பேஸ்ற் போதும். விலை கூடிய சாம்பல் பேஸ்ற் இன்னும் நல்லது, ஆனால் 4, 5 வாற்றுச் சிப்பில் வித்தியாசம் ஓரிரு பாகைதான். பச்சரிசி அளவு ஒரு துளி நடுவில் வைத்து அமத்துங்கள், தானே பரவும். கரண்டியால் அள்ளிப் பூசினால் பேஸ்ற்றே கம்பளி ஆகிவிடும்.

ஹீற்சிங்கை இறுக்கிப் பிடிக்க போர்ட்டில் துளை இருந்தால் சின்ன நட்டும் ஸ்பிரிங்கும். துளை இல்லையென்றால் நான்கு மூலையில் சூட்டைத் தாங்கும் ஒட்டு, நடுவில் பேஸ்ற். பக்கத்தில் நிற்கும் உயரமான கப்பாசிற்றர்களில் அலுமினியம் முட்டக் கூடாது.

மேல் மூடியைத் திரும்பப் போட வேண்டாம். போர்ட்டைச் செங்குத்தாக, தகடுகள் மேலும் கீழுமாக இருக்கும்படி ஒரு பலகையில் பூட்டிச் சுவரில் கொளுவுங்கள். சூடான காற்று தகடுகளுக்கு நடுவால் தானாக ஏறும், கீழே இருந்து குளிர்ந்த காற்று வரும். கிடையாக மேசையில் வைத்தால் அந்த ஓட்டம் அரைவாசிக்கும் குறையும். சீற்றுக்குக் கிட்ட மேலே கொளுவாமல் இடுப்பு உயரத்தில் கொளுவுங்கள். சீற் கூரை அறையில் தரைக்கும் கூரைக்கும் வெப்பநிலை பல பாகை வித்தியாசப்படும்.

விசிறி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. புழுதி ஊரில் விசிறி சில மாதத்திலேயே தகடுகளுக்கு நடுவில் சிவப்புக் கம்பளி நெய்துவிடும். வைத்தே ஆகவேண்டும் என்றால் 5 வோல்ற் விசிறியை 3.3 இல் ஓட்டுங்கள், மெதுவாகச் சுற்றும், புழுதியும் குறைவாக இழுக்கும், நாளும் நிற்கும்.

குளவிக்கும் பல்லிக்கும் பலகையைச் சுற்றி நுளம்பு வலை. ஹீற்சிங்கோடு ஒட்டிக் கட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு, பெரிய சட்டத்தில் அடியுங்கள். மாதம் ஒருமுறை வலையைத் தட்டி, தகடுகளைப் பெயின்ற் பிரஷ்ஷால் துடைத்து, சைக்கிள் பம்மால் ஊதுங்கள்.

கடைசியாக அடப்டர். அதை ஹீற்சிங்குக்கு மேலே வைத்துவிட வேண்டாம். அதற்குள் இருக்கும் கப்பாசிற்றருக்கு ஒவ்வொரு பத்துப் பாகை கூடுதலுக்கும் ஆயுள் பாதியாகும். அடப்டரை யாரும் திறக்கவும் வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ற் நிற்கும். திறந்த போர்ட்டில் பிள்ளைகளின் கை படாதபடி சட்டத்துக்கு ஒரு கொக்கியும் போடுங்கள்.

#15 இரணைமடு, அறிவியல்நகர்

அண்ணையின் #14 ஐ மேலே ஒட்டி வைக்க வேண்டும்.

மென்பொருள் பக்கம் சிலதைச் சேர்க்கிறேன். ஆர்ம்பியனில் பிரவுசர் யூரியூப் வீடியோவைப் பெரும்பாலும் கோர்களை வைத்தே விரிக்கிறது. சிப்புக்குள் வீடியோவுக்கென்று தனிப் பகுதி இருந்தும் அது சும்மா கிடக்கும். கோர்கள் நான்கும் முழுச் சுமையில் நிற்பது அதனால்தான். 480க்கு இறக்கி வையுங்கள், கரும்பலகை எழுத்துத் தெளிவாகத்தான் தெரியும். வீடியோவைச் சுருக்கும் முறைகளில் எச்264 ஐ மட்டும் கேட்கும் நீட்சி ஒன்று பிரவுசரில் போடுங்கள், விபி9 என்ற மற்ற முறையை விட அது கோர்களுக்கு இலகு. விளம்பரத் தடுப்பும் போடுங்கள். வினாத்தாள் பிடிஎஃப்களை ஒருமுறை இறக்கி உள்ளே வைத்துவிட்டால் பிரவுசரே தேவையில்லை.

2 ஜிபி ரம் நிரம்பினால் மெமரி காட்டில் எழுதத் தொடங்கும், அப்போது எந்தச் சிப்பாக இருந்தாலும் நத்தைதான். இஸட்ரம் (zram) இயங்குகிறதா என்று பாருங்கள். அது ரம்முக்குள்ளேயே சுருக்கி வைக்கும், காட்டின் ஆயுளும் கூடும்.

#16 பாலைப்பழம், புதுக்குடியிருப்பு

தருமபுரத்தான் தம்பிக்கு: இவற்றைச் செய்து முடித்த பிறகும் வேகம் போதாது என்றால், ஒரு பெட்டியையாவது பை ஆக மாற்றி ஓவர்குளொக் செய்து பாருங்கள். ஒரேயடியாக 2000 க்குப் போக வேண்டாம். முதலில் ஓவர் வோல்ற்றேஜ் இல்லாமல் 1600, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. புதிய பை 4 போர்ட்கள் 2021 கடைசியில் வந்த ஓஎஸ்ஸில் இருந்து தாமாகவே 1.8 இல் ஓடுகின்றன, அப்படியானதில் நீங்கள் கூட்ட வேண்டியது மிகக் குறைவு. கீபோர்ட்டோடு சேர்ந்து வரும் பை 400 ஐயும் பாருங்கள். கீபோர்ட்டின் அகலத்துக்கு உள்ளே ஒரு உலோகத் தகடு வைத்து 1.8 இலேயே விற்கிறார்கள், தனிக் கூடு தேட வேண்டியதில்லை.

சொல்டர் அண்ணையோடு எனக்கு இன்னும் ஒரு முரண்பாடு. ஆயுள் குறையும் என்று பயந்து மெதுவாக ஓட்டுவதை நான் ஏற்கவில்லை. ஒரு போர்ட் பத்து வருடம் மெதுவாக ஓடுவதை விட, ஐந்து வருடம் பிள்ளைகள் ஆசையோடு பாவிக்கிற மாதிரி ஓடினால் நல்லது.

#17 சொல்டர் அண்ணை, கிளிநொச்சி

ரீச்சர், 70 பாகையில் நிற்கும் உங்கள் போர்ட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது பத்து வருடமும் ஓடும். கொதிக்கிற பெட்டியில் இன்னும் வோல்ற்றேஜைக் கூட்டுகிறவர்களைப் பற்றித்தான் எழுதினேன். ஆனால் ஒன்று, முன்பள்ளியில் ஒரே ஒரு போர்ட் என்றால் நான் 1.8 இல் விட்டுவிடுவேன். பழுதானால் அன்றைக்கே மாற்ற இன்னொன்று கையில் இல்லையே.

#18 தருமபுரத்தான்

நான்கில் மூன்றை அண்ணை சொன்ன மாதிரிப் பலகையில் பூட்டியாயிற்று. பகல் இரண்டு மணி, அறை 36 பாகை, வீடியோ ஓடும்போது சிப் 61. நாள் முழுக்க 1.5 இலேயே நிற்கிறது. காலைக்கும் மத்தியானத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஓவர்குளொக் கதையை இந்தப் பெட்டிகளோடு விடுகிறேன்.

நாலாவதில் சிப்புக்குப் பக்கத்தில் உயரமான ரம் சிப்கள் நிற்கின்றன. ஹீற்சிங்க் அவற்றில் முட்டிக்கொண்டு, சிப்புக்கு மேலே ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளி விழுகிறது. பேஸ்ற்றைத் தடிப்பாகப் பூசி நிரப்பலாமா?

#19 சொல்டர் அண்ணை, கிளிநொச்சி

நிரப்ப வேண்டாம், அது காய்ந்து வெடிக்கும். மெல்லிய செப்புத் தகடு ஒன்றைச் சிப்பின் அளவுக்கு வெட்டி நடுவில் வையுங்கள், மேலும் கீழும் ஒரு துளி பேஸ்ற். செப்பின் கடத்தாறு 400 அளவில், இடைவெளி இருந்ததே தெரியாது. தகடு நகர்ந்து பக்கத்துக் கால்களில் முட்டாதபடி சுற்றிவர சூடு தாங்கும் மஞ்சள் ரேப் ஒட்டுங்கள். ரம் சிப்களுக்கு மேலே அரை மில்லிமீற்றர் பாட் போதும். செப்புத் தகடு கிடைக்காவிட்டால் சனிக்கிழமை கடைக்கு வாருங்கள், பழைய ட்ரான்ஸ்போமரில் இருந்து எடுத்தது ஒன்று வைத்திருக்கிறேன், அளவுக்கு வெட்டித் தருகிறேன்.